மெஷ் டேட்டாவுக்கு கலர் அடிக்க க்னூப்ளாட் போதுமா? பினாங்குல இருந்து ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், முக்கோணம் முக்கோணமா இருக்கிற மெஷ் டேட்டாவுக்கு கலர் ரொப்பி படம் போட நான் இப்ப தினமும் தொறக்கிறது க்னூப்ளாட்ங்கிற படம் போடுற சாஃப்ட்வேர் தான். ஆபீஸ்ல காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, பேரு வேணாம், ரிப்போர்ட் அனுப்புற நேரம் பார்த்து லைசன்ஸ் சர்வரை காணோம்னு ஒரு பெட்டியை காட்டும், அதோட சரி. ஆனா க்னூப்ளாட்டை எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு சொல்ல மாட்டேன் லா, சில பேருக்கு இது ஒத்தே வராது, அதையும் சேர்த்து தான் எழுதுறேன்.

என் வேலை கடல் நீரோட்டம், அலை, மண் படியுறது இந்த மாதிரி சிமுலேஷன். பினாங்கு தீவுக்கும் எதிர்க்கரையில இருக்கிற பிறை, பட்டர்வொர்த் பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற கடலை சின்ன சின்ன முக்கோணமா வெட்டி வச்சு, ஒவ்வொரு முக்கோணத்துலயும் தண்ணி எவ்ளோ வேகமா ஓடுதுன்னு கணக்கு பார்க்கிறது. இந்த முக்கோண வலையை தான் மெஷ்னு சொல்றோம். பாலத்து தூண் பக்கம் முக்கோணம் பொடிசா இருக்கும், வெளிய திறந்த கடல் பக்கம் போக போக பெருசாயிடும். 1985ல திறந்த 13.5 கிலோமீட்டர் பழைய பாலம், 2014ல திறந்த 24 கிலோமீட்டர் ரெண்டாவது பாலம், ரெண்டுமே மெஷ்ஷை குறுக்கால வெட்டுது, நடுவுல ஜெரஜாக் தீவு வேற. மெஷ்ஷை பொறுத்தவரைக்கும் பினாங்கு தீவே ஒரு பெரிய ஓட்டை, ஜெரஜாக் ஒரு சின்ன ஓட்டை. இந்த ஓட்டை விஷயம் முக்கியம், பாதி சாஃப்ட்வேர் மண்ணை கவ்வுறது அங்க தான்.

எனக்கு படம்னா என்ன வேணும்னா, சிமுலேஷன் ஒரு முக்கோணத்துக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தா அந்த முக்கோணம் முழுக்க ஒரே கலர் இருக்கணும், அவ்ளோ தான். பக்கத்து முக்கோணத்தோட கலந்து குழைச்சு வழுவழுன்னு காட்ட வேணாம். பாஸுக்கு வழுவழுன்னு இருந்தா பிடிக்கும், கஸ்டமருக்கும் பிடிக்கும், ஆனா மெஷ் எங்க பத்தலையோ, எங்க ஒரு முக்கோணத்துல மட்டும் நம்பர் துள்ளி நிக்குதோ அதெல்லாம் அந்த வழுவழுப்புல மறைஞ்சு போயிடும். தப்பு இருந்தா கண்ணுக்கு தெரியணும், அதுக்கு தானே படமே போடுறோம்.

க்னூப்ளாட் புதுசு இல்ல, 1986ல தாமஸ் வில்லியம்ஸும் காலின் கெல்லியும் எழுதினது. பேர்ல க்னூ இருக்கேன்னு அந்த க்னூ ப்ராஜெக்ட் ஆளுங்க செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க, சம்பந்தமே இல்ல. இலவசம், பழைய லேப்டாப்லயும் ஓடும், விண்டோஸ் லினக்ஸ் மேக் எல்லாத்துலயும் வரும். மெனு, பட்டன்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது, எல்லாமே கமாண்ட் தான், கருப்பு திரையை பார்த்தா பயம்னா இங்கயே நிறுத்திக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். மெஷ் பைல் பொதுவா எப்படி இருக்கும்னா, மேல நோடு லிஸ்ட், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பர், எக்ஸ், ஒய், ஆழம். கீழ எலிமென்ட் லிஸ்ட், இந்த முக்கோணத்துக்கு மூலை இந்த மூணு நோடுன்னு நம்பர் மட்டும் இருக்கும். இந்த அமைப்பை க்னூப்ளாட் நேரா படிக்காது. பெரிய குறைன்னா இது தான். நம்ம தான் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூணு மூலையோட எக்ஸ் ஒய்யை பிரிச்சு எழுதி, அதுக்கப்புறம் ஒரு காலி லைன் விட்டு, அடுத்த முக்கோணம்னு பைலை மாத்தி கொடுக்கணும். ஆக் (awk), பைதான் மாதிரி ஏதாவது ஒரு ஸ்கிரிப்ட் மொழியில பத்து லைன்ல முடிஞ்சிடும், ஆனா பைல் ஊதிடும். முக்கோண மெஷ்ல எலிமென்ட் எண்ணிக்கை கிட்டத்தட்ட நோடு எண்ணிக்கை மாதிரி ரெண்டு மடங்கு வரும், ஒவ்வொண்ணுக்கும் மூணு லைன்னா நோடு மாதிரி ஆறு மடங்கு லைன், காலி லைன் தனி. 40,000 நோடு மெஷ்ஷுன்னா 2,40,000 லைன் பக்கம் போயிடும். இன்னைக்கு கம்ப்யூட்டருக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா நேரத்துக்கு நேரம் மாறுற டேட்டா, ஒரு அலை சுத்து முழுக்க, அதாவது கடல் தண்ணி ஏறி இறங்கி முடியுற வரைக்கும், படம் வேணும்னா ஹார்ட்டிஸ்க் பக்கம் ஒரு கண்ணு வச்சுக்கோங்க.

பைல் தயாரானதும் 5.4 வெர்ஷன்ல இருந்து, அதாவது 2020ல இருந்து, 3டி படம் போடுற ஸ்ப்ளாட் கமாண்டுக்கு பின்னால வித் பாலிகன்ஸ்னு ஒரு ஸ்டைல் கொடுக்கலாம். இது வந்ததுக்கு அப்புறம் தான் வேலை சுலபமாச்சு. முக்கோணம், நாற்கோணம், அஞ்சு மூலை ஆறு மூலை எதுவா இருந்தாலும் காலி லைன் வச்சு பிரிச்சா போதும், அதுவே மூடி கலர் அடிச்சிடும். செட் வியூ மேப்னு ஒரு லைன் போட்டா 3டி படம் மேல இருந்து பார்க்கிற மேப் மாதிரி படுத்துக்கும். செட் பிஎம்3டி பார்டர்னு கொடுத்தா முக்கோணத்து ஓரமெல்லாம் மெல்லிசா கோடு வரும், மெஷ் எங்க பொடிசு எங்க பெருசுன்னு அப்படியே தெரியும். ஆனா அந்த பார்டர் எல்லா முக்கோணத்துக்கும் ஒரே மாதிரி தான், கரை ஓரத்துக்கு மட்டும் தடிச்ச கோடு வேணும்னா கரையை தனி பைலா எடுத்து மேல இன்னொரு தடவை வரையணும்.

பழைய வெர்ஷன் வச்சிருக்கிறவங்களுக்கு, யூனிவர்சிட்டி சர்வர்ல எல்லாம் இன்னும் பழசு தான் கிடக்கும், அங்க பிஎம்3டின்னு ஒரு வழி இருக்கு, 4.0 காலத்துல இருந்தே இருக்கு. அது நாற்கோணம் மட்டும் தான் புரிஞ்சுக்கும். அதனால முக்கோணத்தை நாற்கோணம்னு சொல்லி ஏமாத்தணும், முதல் ரெண்டு மூலையை ரெண்டு லைன்ல எழுதி, ஒரு காலி லைன், அப்புறம் மூணாவது மூலையையே ரெண்டு தடவை எழுதி, அதுக்கப்புறம் ரெண்டு காலி லைன். ஒரு காலி லைன்னா ஒரே துண்டுல அடுத்த வரிசை, ரெண்டு காலி லைன்னா வேற துண்டு, இதை மாத்தி போட்டா கடல் முழுக்க பூனை பிறாண்டின மாதிரி படம் வரும்.

இதுல ஒளிஞ்சு நிக்கிற ஒரு வில்லங்கத்தை எந்த டுட்டோரியல்லயும் நான் பார்க்கல, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். பிஎம்3டி தானா எடுத்துக்கிற கலர் நாலு மூலை நம்பரோட சராசரி. நாலாவது மூலையும் மூணாவது மூலையும் ஒண்ணுன்னா அந்த நோடு நம்பர் ரெண்டு தடவை சேருது, அதாவது முதல் ரெண்டு நோடுக்கு கால் கால் பங்கு, மூணாவதுக்கு மட்டும் அரை பங்கு. ஆழம் 2, 4, 12 மீட்டர்னு மூணு நோடுல இருந்தா சரியான சராசரி 6, ஆனா படத்துல 7.5க்கான கலர் வரும். மூலை வரிசையை மாத்தினா கலரும் மாறும்! திறந்த கடல்ல வித்தியாசம் தெரியாது, கரை ஓரத்துல ஆழம் சடார்னு மாறுற இடத்துல தெரியும். இதுக்கு வழி, நம்மளே முக்கோணத்துக்கு ஒரு நம்பரை கணக்கு போட்டு நாலு லைன்லயும் அதே நம்பரை கலர் காலம்ல எழுதிடணும், அப்ப சராசரி எடுத்தாலும் அதே தான் வரும்.

நம்பர் நோடுல இருக்கா எலிமென்ட் நடுவுல இருக்கான்னு முதல்ல பாருங்க, இதை பார்க்காம கலர் அடிக்கவே கூடாது. எஃப்விகாம் மாதிரி கடல் சிமுலேஷன் மாடல்ல நீர்மட்டம் நோடுல இருக்கும், வேகம் எலிமென்ட் நடுவுல இருக்கும், ஒரே ரன்ல ரெண்டு விதம். வேகத்துக்கு ஒரு முக்கோணம் ஒரு கலர்ங்கிறது தான் நியாயம், நீர்மட்டத்துக்கு மூலைக்கு மூலை மெதுவா மாறுற கலர் கொடுத்தாலும் தப்பில்ல. ரெண்டாவது விதத்துக்கு க்னூப்ளாட்டோட மல்லுக்கட்டாதீங்க, அதுக்கு மேட்ப்ளாட்லிப் இருக்கு.

மேட்ப்ளாட்லிப் பைதான்ல ஓடுறது, ஜான் ஹன்டர் ஆரம்பிச்சது, இதுவும் இலவசம். இதுல ட்ரைப்கலர்னு ஒரு கமாண்ட், நோடு லிஸ்ட்டையும் எலிமென்ட் லிஸ்ட்டையும் பிரிக்காம அப்படியே வாங்கிக்கும், பைல் ஊதுற கதையே இல்ல. கொடுத்த நம்பர் எண்ணிக்கை முக்கோண எண்ணிக்கைக்கு சமம்னா முக்கோணத்துக்கு ஒரு கலர், நோடு எண்ணிக்கைக்கு சமம்னா மூணு நோடு சராசரி, கூரோன்னு சொன்னா மெதுவா மாறுற கலர். ரெண்டு எண்ணிக்கையும் தற்செயலா ஒண்ணாயிட்டா நோடுன்னு தான் எடுத்துக்கும், சின்ன டெஸ்ட் மெஷ்ல இது நடக்கலாம், ஃபேஸ்கலர்ஸ்னு பேர் சொல்லி கொடுத்துட்டா குழப்பம் இல்ல. இன்னொண்ணு, ஜிமெஷ் மாதிரி மெஷ் செய்யிற சாஃப்ட்வேர் நோடை 1ல இருந்து எண்ணும், பைதான் 0ல இருந்து எண்ணும், எலிமென்ட் லிஸ்ட் முழுக்க ஒண்ணு கழிச்சுட்டு தான் கொடுக்கணும்.

இப்ப அந்த ஓட்டை கதை. எலிமென்ட் லிஸ்ட்டை கொடுக்காம வெறும் புள்ளியை மட்டும் மேட்ப்ளாட்லிப்கிட்ட கொடுத்தா அது தானே டெலோனே முறையில முக்கோணம் போட்டுக்கும், அந்த முறைக்கு கரை எங்க தீவு எங்கன்னு எதுவும் தெரியாது, வெளி ஓரத்து புள்ளியை எல்லாம் இழுத்து கட்டி உள்ள முழுக்க ரொப்பிடும். அலாமாக்! ஜார்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம், பாலிக் பூலாவ், கொடிமலை எல்லாமே கடலுக்குள்ள! க்னூப்ளாட்டோட டிகிரிட்3டியும் இதே கூத்து தான், சிதறி கிடக்கிற புள்ளியை சதுர கட்டமா மாத்தி தீவு மேலயும் நம்பர் ஊத்திடும். இன்டர்நெட்ல மெஷ்ஷுக்கு கலர் அடிக்க வழி கேட்டா முதல் பதிலா டிகிரிட்3டி தான் சொல்லுவாங்க, மெஷ் கையில இல்லாம வெறும் அளவெடுத்த புள்ளி மட்டும் இருந்தா அதை வச்சுக்கோங்க, மெஷ் இருக்கும்போது அதை தூக்கி போட்டுட்டு புதுசா கட்டம் போடுறது எதுக்குன்னே எனக்கு புரியல. எலிமென்ட் லிஸ்ட் நெஜமாவே தொலைஞ்சு போச்சுன்னா மேட்ப்ளாட்லிப்ல மாஸ்க் போட்டு தீவு மேல விழுற முக்கோணத்தை மறைக்கலாம், நீள ஒல்லி முக்கோணத்தை ஓரத்துல இருந்து கழட்டவும் ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஆனா ஜெரஜாக் மாதிரி சின்ன தீவுக்கு எல்லாம் கையால தான் பார்க்கணும்.

காஞ்ச இடம் இன்னொரு தலைவலி. பழைய பாலத்து பக்கம் மிடில் பேங்க்னு ஒரு மேடு இருக்கே, கடல் புல் வளருற இடம், தண்ணி வத்தினா வெளிய தெரியும். சிமுலேஷன்ல தண்ணி வத்தின முக்கோணத்துக்கு -999 மாதிரி ஒரு அடையாள நம்பர் எழுதி வச்சிருப்பாங்க. அதை கண்டுக்காம படம் போட்டா கலர் அளவு -999ல இருந்து 1 வரைக்கும் நீண்டுடும், மீதி கடல் முழுக்க ஒரே கலர்ல தெரியும், பார்க்கிறவங்க என்னடா இன்னைக்கு அலையே இல்லையான்னு கேப்பாங்க. கலர் அளவுக்கு எல்லை வைக்கிற செட் சிபிரேஞ்ச் கட்டாயம் போடுங்க, அதோட அந்த முக்கோணத்தை ஸ்கிரிப்ட்லயே எடுத்துடுங்க, இல்லன்னா அளவுக்கு கீழ இருக்கிறதுக்கும் கடைசி கலரையே அடிச்சு வைக்கும், காஞ்ச மண்ணுக்கும் தேங்கின தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது. எடுத்துட்டா வெள்ளையா இருக்கும், அதுக்கு கீழ சாம்பல் கலர்ல ஒரு பின்னணி போட்டா போதும். மேட்ப்ளாட்லிப்ல பட்டை பட்டையா கலர் ரொப்புற ட்ரைகான்டூர்எஃப் யூஸ் பண்றவங்களுக்கு இதுல தப்பிக்கவே முடியாது, மறைச்ச நம்பர் உள்ள இருந்தா எரர் அடிச்சு நின்னுடும், முக்கோணத்தையே மாஸ்க் பண்ணா தான் ஓடும். நின்னுடுறதும் ஒரு வகையில நல்லது தான்.

கலர் பத்தி ஒரு சண்டை போடணும். வானவில் கலர், அந்த நீலம் பச்சை மஞ்சள் சிவப்பு, இன்னும் பாதி ரிப்போர்ட்ல அது தான். நம்பர் சீரா ஏறினாலும் மஞ்சள் வர்ற இடத்துல கண்ணுக்கு ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும், அங்க ஏதோ நீரோட்டம் திடீர்னு மாறுதுன்னு மீட்டிங்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க, அங்க ஒண்ணுமே இருக்காது. எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணனுக்கு சிவப்பு பச்சை பிரிச்சு தெரியாது, அவர்கிட்ட வானவில் படத்தை காட்டிட்டு எங்க வேகம் ஜாஸ்தின்னு கேட்டா பாவம் லா. மேட்ப்ளாட்லிப் 2017ல 2.0 வந்தப்ப தானா வர்ற கலரா இருந்த ஜெட்ங்கிற பழைய வானவில்லை தூக்கிட்டு விரிடிஸ்ங்கிற புது கலரை வச்சாங்க, நல்ல காரியம். மேட்லாப்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர்காரங்க 2014லயே பருலாங்கிற கலருக்கு மாறிட்டாங்க. கடல் வேலைக்குன்னே சிஎம்ஓஷன்னு ஒரு கலர் தொகுப்பு இருக்கு, ஆழத்துக்கு ஒண்ணு வேகத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா பண்ணி வச்சிருக்காங்க, கண்டிப்பா பாருங்க. க்னூப்ளாட் தானா கொடுக்கிற கருப்பு நீலம் சிவப்பு மஞ்சள் பேலட் அழகுன்னு சொல்ல முடியாது, ஆனா கருப்புல ஆரம்பிச்சு வெளிச்சத்துல முடியறதால கருப்பு வெள்ளையில ஜெராக்ஸ் எடுத்தாலும் ஓரளவு புரியும். ஜேபிஎஸ்க்கு (அரசாங்க நீர்ப்பாசன, வடிகால் துறை) போற ரிப்போர்ட்டை அங்க யாரு கலர்ல பிரிண்ட் பண்ணுவாங்க, யாரு கருப்பு வெள்ளையில பண்ணுவாங்கன்னு நமக்கு என்ன தெரியும்.

பிடிஎஃப்ல சேவ் பண்ணா முக்கோணத்துக்கு நடுவுல மெல்லிசா வெள்ளை கோடு வரும், க்னூப்ளாட் மேட்ப்ளாட்லிப் ரெண்டுலயும் வரும், டேட்டா தப்புன்னு பயந்துடாதீங்க. பக்கத்து பக்கத்து முக்கோணத்து ஓரத்தை பிடிஎஃப் காட்டுற சாஃப்ட்வேர் தனித்தனியா மழுப்புறதால வர்றது அது, பெருசாக்கி பார்த்தாலும் கோடு அதே மெல்லிசுல தான் நிக்கும், அதை வச்சே கண்டுபிடிக்கலாம். முக்கோணத்து ஓரத்துக்கும் அதே கலரை அடிச்சா மறையும், இல்லன்னா முக்கோணத்தை மட்டும் படமா மாத்தி எழுத்தை எழுத்தாவே விடலாம், மேட்ப்ளாட்லிப்ல ராஸ்டரைஸ்டுன்னு சொன்னா போதும். பைலும் சின்னதாயிடும், லட்சக்கணக்குல முக்கோணம் இருக்கிற பிடிஎஃப்பை வாட்ஸ்அப்ல அனுப்பி போன்ல தொறக்க சொன்னா அந்த போன் என்ன பாவம் பண்ணுச்சு.

அளவு விகிதம் பத்தி நம்ம ஊருக்கு ஒரு சலுகை இருக்கு. பினாங்கு பூமத்திய ரேகையில இருந்து அஞ்சு டிகிரி சில்லறை தான் வடக்க, அதனால லாங்கிடியூட் லாட்டிடியூடை அப்படியே எக்ஸ் ஒய்யா போட்டாலும் படம் நசுங்கறது அரை சதவீதம் கூட இல்ல. ஆர்எஸ்ஓங்கிற மலேசிய வரைபட முறைப்படி மீட்டர் கணக்குல இருந்தா நம்பர் ஆறு இலக்கம் போகும், கீழ எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், ஆயிரத்தால வகுத்து கிலோமீட்டர் ஆக்கிடுங்க. எதுவா இருந்தாலும் செட் வியூ ஈக்வல் எக்ஸ்ஒய் போட மறந்தா தீவு நசுங்கிப் போய் நிக்கும்.

க்னூப்ளாட்டோட திரை விண்டோ வேகம் சுமார் தான், பெரிய மெஷ்ஷை போட்டு சூம் பண்ணா யோசிச்சு யோசிச்சு வரும், நான் நேரா பிஎன்ஜி பைலா எழுதிட்டு அதை தான் பார்க்கிறேன். அதே நேரம், ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சிட்டா மணிக்கு ஒரு படம்னு ஒரு அலை சுத்து முழுக்க தானா போட்டு தள்ளிட்டு இருக்கும், நான் கீழ போய் நாசி கண்டார் சாப்பாட்டை டபாவ் (பார்சல்) பண்ணிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும், மவுஸை வச்சு ஒவ்வொண்ணா சேவ் பண்ற வேலை இல்ல. தெற்கு பக்கம் மண் கொட்டி தீவு எழுப்ப ஆரம்பிச்சதுல இருந்து கரைக்கோடு மாற மாற மெஷ்ஷும் மாறுது, மெஷ் மாறினாலும் ஸ்கிரிப்ட் அதே தான், இதுக்காகவே நான் இதை விடல.

யாருக்கு ஆகாதுன்னா, 3டி மெஷ் வச்சிருக்கிறவங்களுக்கு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில சிப்பு சூடு, ஹீட்சிங்க்னு சிமுலேஷன் பண்ற பசங்க கேப்பாங்க, அவங்களுக்கு க்னூப்ளாட்ல வெளித்தோல் மட்டும் தான் காட்ட முடியும், உள்ள வெட்டி பார்க்க முடியாது. அவங்க நேரா பாராவியூ போயிடுங்க, அதுவும் இலவசம், விடிகேங்கிற வகை மெஷ் பைலை தொறந்தா செல் டேட்டா (எலிமென்ட்ல இருக்கிறது), பாயின்ட் டேட்டா (நோடுல இருக்கிறது)ன்னு தெளிவா பிரிச்சு காட்டும், சர்ஃபேஸ் வித் எட்ஜஸ்னு தேர்ந்தெடுத்தா மெஷ் கோடோட கலர் வரும், எந்த பக்கமும் அறுத்து பார்க்கலாம். ஆனா பெரிய மெஷ்ஷுன்னா மெமரி நல்லா தின்னும், பழைய லேப்டாப்புன்னா முதல்ல கொம்தார் கம்ப்யூட்டர் கடைங்க பக்கம் போய் ரேம் விலை விசாரிச்சுட்டு வாங்க.